உப்பு மூட்டையும் லாரி லைசென்சும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மாமல்லபுரம் போயிட்டுத் திரும்பும்போது பூஞ்சேரி கூட்டுரோட்டுல டீ குடிக்க நின்னேன். பக்கத்துல ஒரு லாரி டிரைவர் அண்ணன். மரக்காணத்துலேர்ந்து உப்பு லோடு. கொஞ்ச நேரம் பேசிட்டு, "தம்பி, படிச்சவரா இருக்கீங்க, ஒண்ணு கேக்கலாமா?"ன்னார்.

இளவயசுல ஒரு கட்டட சைட்டுல கம்பியைத் தலைச்சுமையாத் திருடி மாட்டியிருக்கார். கோர்ட்டுல அபராதம். இப்ப ஹெவி லைசென்ஸ் புதுப்பிக்கற நேரம். "திருட்டுக் கேஸ்ல தண்டனை வாங்கினா லைசென்ஸ் தரமாட்டாங்களாமே?"

பொட்டி தட்டுற எனக்குச் சட்டம் என்ன தெரியும்? நம்பரை வாங்கிட்டு வந்து தேட ஆரம்பிச்சேன்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்துல, திருட்டுத் தண்டனை வந்தாலே லைசென்ஸ் தானாப் போயிடும்னு எங்கயும் இல்லை. 19-வது பிரிவுப்படி வழக்கமான குற்றவாளி, தீராக் குடிகாரர், போதைக்கு அடிமையானவர், வண்டியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தினவர்னு சில பேரோட லைசென்சை அதிகாரி ரத்து பண்ணலாம். அதுவும் அவங்க தரப்பைக் கேட்டு, காரணத்தை எழுத்துல வச்சுத்தான். 30 நாளுக்குள்ள மேல்முறையீடும் உண்டு. குற்றத்துல வண்டி சம்பந்தப்பட்டிருந்தா 20-வது பிரிவுல கோர்ட்டும் தடை போடலாம். அண்ணன் கம்பியைத் தலையிலதான் சுமந்தார், லாரியில இல்லை. ஒரே தடவைதான். அதனால பயமில்லை.

ஆனா "வழக்கமான குற்றவாளி"ங்கற வார்த்தை எனக்கு உறுத்திச்சு. அதோட பூர்வீகத்தைத் தேடினா, கதை திரும்பவும் உப்புலயே வந்து நிக்குது!

லாரிக்கும் ரயிலுக்கும் முன்னாடி, மதராஸ் மாகாணத்துல கடற்கரை உப்பை உள்நாட்டுக்கும், அங்கேர்ந்து தானியத்தை இங்கயும் மாட்டு மேலயும் கழுதை மேலயும் ஏத்திக்கிட்டுப் போனவங்கள்ல குறவர்கள் முக்கியமானவங்க. உப்புக்குறவர்னே ஒரு பிரிவு இருந்துச்சு. அன்னிக்கு லாரித் தொழில் அதுதான்.

1805-ல் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிச்சு. 1856-ல் ராயபுரத்துலேர்ந்து ரயில் ஓட ஆரம்பிச்சுது. மாமல்லபுரத்துக்குப் பின்னாடி ஓடற பக்கிங்காம் கால்வாய்ல படகும் சரக்கு ஏத்திச்சு. மூட்டை சுமந்தவங்க பிழைப்பு படுத்துடுச்சு.

பிழைப்பு போனவனுக்கு சர்க்கார் கொடுத்த பட்டம் என்ன தெரியுமா? குற்றப் பரம்பரை! 1871-ல் வடக்கே வந்த சட்டம், 1911-ல் மதராசுக்கும் வந்துச்சு. ஒருத்தன் என்ன செஞ்சான்னு பார்க்கலை, யாருக்குப் பொறந்தான்னு பார்த்தாங்க. பேரைப் பதிஞ்சு ரேகை வாங்கினாங்க. கட்டுப்பாட்டுல வச்சவங்க எல்லையைத் தாண்டணும்னா அனுமதிச் சீட்டு வேணும். ஊர் ஊராப் போறதே தொழிலா இருந்தவனுக்கு ஊரைத் தாண்டத் தடை. லைசென்ஸ் ரத்துன்னா இதைவிட வேற என்ன?

1952 ஆகஸ்ட் 31-ல் நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிஞ்சுது. ஆனா அதுக்கு முன்னாடியே, 1948-ல், மதராசுல வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தாச்சு. பொறப்பைப் பார்க்காம தனி ஆளோட தண்டனைக் கணக்கைப் பார்க்கறது பெரிய மாற்றம்தான், மறுக்கலை. ஆனாலும் பழைய கறை லேசுல போகலை. சிறை விதிகள்ல அந்தப் பேரைச் சாதியோட முடிச்சுப் போடறது செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர்ல சொல்ல வேண்டியிருந்துச்சு.

அதனாலதான் 19-வது பிரிவுல இருக்கற 'காரணத்தை எழுது, அவன் பேச்சைக் கேளு'ங்கற ரெண்டு நிபந்தனையும் எனக்குப் பெருசாப் படுது. 1911-ல் அந்த மூட்டைக்காரங்களுக்கு யாரும் அப்படிக் கேக்கலையே.

ராத்திரி அண்ணனுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அப்ப ஒருக்கா செஞ்சது ஒருக்காதானே தம்பி?"ன்னார்.

ஆமாண்ணே. ஒருக்காதான்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது சிக்கல்னா தீர்ப்பு நகலோட நல்ல வக்கீலைப் பாருங்க.