பொன்மேனி இழந்த கற்சிலைகள்

கல்லிற் படிந்த மாசை நீக்குதல் எளிய தொழிலென்றே பலரும் கருதுவர். தேய்ப்பதற்கொரு சாணைக்கல்லும், கழுவுவதற்கு நீரும், கூலிக்கு ஓர் ஆளும் இருந்தாற் போதுமென்பது அவர்தம் எண்ணம். வீட்டுத் தரைக்கும் படிக்கட்டுக்கும் இது பொருந்தலாம். 2,400 ஆண்டுப் பழமை வாய்ந்த சிற்பங்களுக்கும் இது பொருந்துமா? இவ்வினாவுக்கு 1938ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே விடை கிடைத்தது. அதற்குக் கொடுத்த விலையோ மீட்கவொண்ணாதது.

கிரேக்க நாட்டின் தலைநகராகிய அதென்சில், அக்குரோப்பொலிஸ் என்னும் குன்றின்மீது அதீனா தேவிக்கு எழுந்த ஆலயம் பார்த்தினன். கி.மு. 447 முதல் 432 வரை அதன் பணிகள் நடைபெற்றன. சிற்ப வேலையை மேற்பார்த்தவன் பீடியாஸ் என்னும் பெருஞ்சிற்பி. பெந்தெலிக்கு மலையிலிருந்து வெட்டப்பட்ட சலவைக்கல்லே அதற்குப் பயன்பட்டது. இக்கல்லில் இரும்பின் நுண்கூறுகள் உண்டு. வெட்டியபொழுது வெண்மையாக விளங்கும் அது, காற்றும் வெயிலும் பட்டு நாளடைவில் தேனையொத்த பொன்னிறம் பெறும். அந்நிறம் அழுக்கன்று, காலம் கல்லுக்கு அளித்த மேற்றோல்.

துருக்கியப் பேரரசில் பிரித்தானியத் தூதராயிருந்த எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801ஆம் ஆண்டு முதலாக இச்சிற்பங்களிற் பலவற்றைப் பெயர்த்தனர். 1816இல் பிரித்தானியப் பாராளுமன்றம் 35,000 பவுணுக்கு அவற்றை வாங்கி, பிரித்தானிய நூதனசாலையில் வைத்தது. அக்காலத்து இலண்டனோ நிலக்கரிப் புகை சூழ்ந்த நகரம். புகைக்கரி கல்லின் நுண்குழிகளிற் புகுந்து தங்கியது. இரசாயன அறிஞராகிய மைக்கல் பரடேயே சிலைகளைச் சோதித்துக் கழுவிப் பார்த்தும், அவற்றை வெண்மையாக்குதல் இயலாதென நம்பிக்கையிழந்தார்.

ஆயினும் வெண்மையின்மீது கொண்ட மோகம் மறையவில்லை. கிரேக்கர் தம் சிலைகளுக்கு வண்ணந் தீட்டினர் என்பது அறிஞர் அறிந்த செய்தி. பொதுமக்களோ கிரேக்கச் சிற்பமென்றால் தூய வெண்மையென்றே எண்ணிப் பழகியிருந்தனர்.

1930களில் டுவீன் பிரபு என்னும் கலைப்பொருள் வணிகர், இச்சிற்பங்களுக்குப் புதியதொரு மண்டபம் அமைக்கப் பொருளுதவ முன்வந்தார். சிலைகள் அங்கே வெள்ளை வெளேரென விளங்கவேண்டுமென்பது அவர் விருப்பம். நூதனசாலையின் இரசாயன வல்லுநராகிய பிளெண்டர்லீத் என்பார், மென்சவர்க்காரம், அமோனியா, வடித்த நீர் ஆகியவற்றால் மெதுவாகக் கழுவுமாறு 1932இலேயே முறை வகுத்திருந்தார். அம்முறை கைவிடப்பட்டது. 1937, 1938ஆம் ஆண்டுகளில் தொழிலாளர் செம்பு உளிகளாற் சுரண்டினர்; காபொரண்டம் என்னும் கடுஞ்சாணையாலுந் தேய்த்தனர். செம்பு மென்மையானது, ஆதலாற் கல்லுக்குத் தீங்கில்லை என்பது அவர்கள் நம்பிக்கை.

1938 செப்தெம்பரில் நூதனசாலைப் பணிப்பாளர் அக்கருவிகளைக் கண்ணுற்று வேலையை நிறுத்தினார். விசாரணை நடந்தது. கதிரவனாகிய ஹெலியோஸ், நிலாத் தேவியின் குதிரை, தூதுத் தேவியாகிய ஐரிஸ் ஆகிய உருவங்கள் பெருஞ் சேதமுற்றமை புலனாயிற்று. அதிகாரிகள் இருவர் பதவி நீங்கினர். விசாரணையின் முழு விபரம் நெடுங்காலம் வெளிவரவில்லை. 1998இல் வில்லியம் சென் கிளேயர் என்னும் வரலாற்றாசிரியர் தம் நூலில் அதனை விரித்துரைத்தார். மறு ஆண்டு நூதனசாலையே அறிஞர் மாநாடொன்றைக் கூட்டி இதனை ஆராய்ந்தது. சேதத்தின் அளவைப்பற்றி அங்கே கருத்து வேறுபட்டதேயன்றி, செய்த முறை தவறானது என்பதில் ஐயமிருக்கவில்லை.

பிழை யாருடையது? உளி பிடித்த கூலியாள்மீது மட்டும் பழி சுமத்துதல் நீதியன்று. நூதனசாலைக்கு உரியரல்லாதார் சொல்ல, பொறுப்புடையார் கண்காணியாதிருக்க, அவன் தேய்த்தான். தன்னை ஏவினோர் விரும்பிய வெண்மையையே அவன் கொடுத்தான்.

2009இல் அகச்சிவப்பு ஒளியின் துணைகொண்டு ஆராய்ந்தபோது, ஐரிஸ் தேவியின் இடைக்கச்சையில் எகிப்திய நீலம் என்னும் பண்டை வண்ணத்தின் சுவடு தென்பட்டது. உளிக்குத் தப்பிய சிறு எச்சம் அது. தப்பாதன எத்தனையோ!

அதென்சிலோ 2011ஆம் ஆண்டு முதல், தூண்களாக நிற்கும் ஆறு கன்னியருள் அங்கு எஞ்சிய ஐவரின் சிலைகளை வல்லுநர் லேசர் ஒளியினால் துப்புரவு செய்தனர். கருமாசு ஒளியை உறிஞ்சி ஆவியாகிறது. வெளிர்நிறக் கல்லோ அதனைத் திருப்பிவிடுகிறது. ஆதலால் கரி நீங்கியது, பொன்னிறம் நிலைத்தது. பார்வையாளர் கண்முன்னே அப்பணி நடந்தமை குறிப்பிடத்தக்கது.

கல்லுக்கு மெருகூட்ட ஆள் அமர்த்துவோர், எவ்வளவு பளபளப்பாக்குவாய் என்றே முதலிற் கேட்பர். எந்த இடத்தில் கையை நிறுத்துவாய் என்பதே அவர்கள் கேட்கவேண்டிய வினா. மாசு மீண்டும் படியும், மீண்டும் துடைக்கலாம். உரிந்த தோல் மீண்டும் வளர்வதற்கு இன்னுமோர் ஈராயிரம் ஆண்டு வேண்டும். அதிலே சிற்பியின் கைவண்ணம் இருக்கப்போவதில்லை.