சப்ட்ராக்ட்: ஒரு கணக்குச் சொல்லின் வரலாறு

ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணைக் கழிப்பதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் 'சப்ட்ராக்ட்'. இது 'சப்ட்ராஹெரே' என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'சப்' என்றால் கீழ். 'ட்ராஹெரே' என்றால் இழுத்தல். எனவே, கீழிருந்து இழுத்து அகற்றுதல் என்பதே இச்சொல்லின் மூலப்பொருள். டிராக்டர், 'அட்ராக்ட்' (ஈர்த்தல்), 'எக்ஸ்ட்ராக்ட்' (பிரித்தெடுத்தல்) ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவை.

கணக்கும் சட்டமும்

'சப்ட்ராக்‌ஷன்' என்னும் பெயர்ச்சொல்லே ஆங்கிலத்தில் முதலில் வழங்கியது. வினைச்சொல் 16ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அந்நூற்றாண்டில்தான் வேல்ஸ் நாட்டவரான ராபர்ட் ரெக்கார்ட், 1543இல் வெளியான தம் நூலில் எண்கணிதத்தை ஆங்கிலத்திலேயே கற்பித்தார். 1489இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோஹான்னஸ் விட்மன் அச்சேற்றிய கூட்டல், கழித்தல் குறிகளை, ரெக்கார்டின் 1557ஆம் ஆண்டு நூல் ஆங்கிலேயருக்கு அறிமுகப்படுத்தியது. சமக்குறியும் அந்நூலில்தான் பிறந்தது.

இச்சொல்லுக்குச் சட்டத்திலும் இடமுண்டு. செலுத்த வேண்டிய கடமையையோ வரியையோ செலுத்தாமல் நிறுத்திக்கொள்வதை இங்கிலாந்துச் சட்டம் 'சப்ட்ராக்‌ஷன்' என்றது. வில்லியம் பிளாக்ஸ்டோன் தம் சட்ட விளக்க நூலின் 3ஆம் தொகுதியில் (1768) இதைத் தனியொரு உரிமையியல் தீங்காகவே விளக்குகிறார். ஒருவருக்குச் சேர வேண்டியதை அவரிடமிருந்து இழுத்துக்கொள்வது என்ற மூலப்பொருள் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

பிழையா, பழமையா?

மாணவர் பலர் இச்சொல்லை நடுவில் ஓர் 'ஸ்' சேர்த்து 'சப்ஸ்ட்ராக்ட்' என்று எழுதுவர். ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். ஆனால் இவ்வடிவம் பிற்கால லத்தீனில் இருந்தது; 'அப்ஸ்ட்ராக்ட்' என்ற சொல்லின் சாயலால் எழுந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் கற்றறிந்த ஆங்கிலேயரே அப்படி எழுதினர். இன்று அது ஏற்கப்படுவதில்லை, திருத்துவது சரியே. எனினும், அதை அறியாமை என்று ஏளனம் செய்ய வேண்டியதில்லை.

'டிடக்ட்' எங்கே வேறுபடுகிறது?

'டிடக்ட்' என்பதும் கழித்தலைக் குறிக்கும். ஆனால் அதன் வேர் வேறு: 'டெடூகெரே', அதாவது அப்பால் நடத்திச் செல்லுதல். சம்பளத்தில் பிடித்தம், தேர்வில் மதிப்பெண் குறைத்தல் போன்றவற்றுக்கு 'டிடக்ட்' பொருந்தும். எண்களுக்கிடையே நடக்கும் கணக்குக்கு 'சப்ட்ராக்ட்' பொருந்தும். ஒன்று இழுப்பது, மற்றொன்று நடத்திச் செல்வது என்று வேரோடு சொல்லிக் கொடுத்தால் மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.