விதைமூல ஒப்பீட்டுச் சோதனை

ஒரே இன மரத்தின் விதைகளைப் பல ஊர்களிலிருந்து திரட்டி, ஒரே நிலத்தில் அருகருகே வளர்த்து, எவ்வூர் விதை அந்நிலத்துக்கு ஏற்றது என அறியும் வனவியல் ஆய்வு. விதை சேகரிக்கப்பட்ட இடமே விதைமூலம் எனப்படும்.

உலர் பிரதேசங்களில் இதன் தேவை அதிகம். கொழும்பு நகரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மி.மீ. மழை பெறும் ஈர வலயத்தில் உள்ளது. உலர் வலயத்திலோ 1,750 மி.மீ.க்குக் குறைந்த மழையும் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு முடிந்துவிடும். மே முதல் செப்டெம்பர் வரையான வறட்சியைத் தாண்டாத கன்று மாரியில் எவ்வளவு வளர்ந்தும் பயனில்லை.

உலக உணவு விவசாய நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில் 1960களில் தொடங்கிய யூக்கலிப்டஸ் கமால்டுலென்சிஸ் சோதனைகள் இதைத் தெளிவாக்கின. குளிர்கால மழையுள்ள மத்தியதரைக்கடல் நாடுகளில் விக்டோரியாவின் அல்பகுட்யா ஏரி விதை முந்தியது. கோடை மழையுள்ள வெப்பமண்டல வறள் நிலங்களில் குயின்ஸ்லாந்தின் பெட்ஃபோர்ட் விதை சிறந்தது. மரம் ஒன்றே, மழைக்காலம்தான் வேறு.

1990களின் நடுவில் அதே நிறுவனத்தின் ஆதரவில் நடந்த வேம்புச் சோதனை நமக்கு இன்னும் நெருக்கமானது. 11 நாடுகளின் 25 விதைமூலங்களில் இலங்கையின் குளியாப்பிட்டிய, கோவையை அடுத்த அன்னூர், ஜோத்பூர் அருகே மண்டோர், பாகிஸ்தானின் முல்தான் ஆகியனவும் இருந்தன. வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழக்கத் தொடங்கும். பழுத்த பழத்தின் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, தாமதமின்றி நாடு விட்டு நாடு அனுப்புவதே பெரும்பாடு.

நிலம் பல தொகுதிகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு தொகுதியிலும் எல்லா மூலங்களும் குலுக்கல் முறையில் இடம்பெறும். ஒரு மூலைக்கு மட்டும் நல்ல மண் வாய்த்தாலும் முடிவு சாயாது. உயிர்பிழைத்த கன்றுகளின் வீதம், உயரம், 1.3 மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் ஆகியன அளக்கப்படும். உயரத்தை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். பாதிக் கன்றுகள் பட்டுப்போன பாத்தியில், அயலாரின் நீரும் வெளிச்சமும் மீதிக் கன்றுகளுக்கே சேர்வதால் அவை நெடுநெடுவென்று நிற்கும். உலர் நிலத்தில் முதலில் எண்ண வேண்டியது உயிரோடு நிற்பவற்றைத்தான்.

ஒரு சோதனையின் முடிவு அதே மழைமுறையும் மண்ணும் உள்ள நிலங்களுக்கே பொருந்தும். ஜோத்பூரில் முந்திய விதையை அந்த ஒரு காரணத்துக்காக முல்லைத்தீவில் நடக்கூடாது.