கோச்சுக்கு மார்க் போடுவது எப்படி?

விளையாட்டைப் பத்தி எழுதற நம்ம எல்லாருக்கும் ஒரு வியாதி உண்டு. புது கோச் ஒரு மேட்ச் ஜெயிச்சா தலையில தூக்கி வச்சுப்போம். ரெண்டு மேட்ச் தோத்தா பெட்டி கட்டச் சொல்லுவோம். பத்து வருஷம் கழிச்சு, அந்த ஆள் என்னதான் செஞ்சார்னு திரும்பிப் பார்க்கறது கிடையாது. அதைச் செஞ்சு பார்க்கலாம்னுதான் இந்தப் பதிவு. கிரிக்கெட் இல்லை மக்களே, பாஸ்கெட்பால் :-)

ஆசிய சாம்பியன்ஷிப்பில இந்திய ஆண்கள் அணி பிடிச்ச இடங்கள் இவை: 2007-ல் 15, 2009-ல் 13, 2011-ல் 14. இதுல 2011-ல் கோச்சா இருந்தவர் கென்னி நாட். என்.பி.ஏ.வில சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியையே நடத்தினவர். பெரிய பேர் வந்தாலும் ஒரே வருஷத்துல ஒண்ணும் மாறிடாதுங்கறதுக்கு இதுவே சாட்சி.

2012 கடைசியில ஸ்காட் ஃப்ளெமிங் வந்தார். அமெரிக்காவில ஒரு சின்ன காலேஜ் அணியைப் பல வருஷம் நடத்தினவர். 2013-ல் மணிலாவில 11-வது இடம். பேப்பர்ல ஒரு மூலையில வந்த செய்தி. ஆனா அடுத்த வருஷம் ஜூலை மாசம் ஊஹான்ல நடந்த ஆசியக் கோப்பையில, சீனாவை அவங்க ஊர்லயே 65-58-னு ஜெயிச்சாங்க. அதுவரைக்கும் 15 தடவை ஆசிய சாம்பியனான சீனாவை இந்தியா ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. அம்ரித்பால் சிங், அம்ஜ்யோத் சிங், விசேஷ் பிருகுவன்ஷி எல்லாம் நல்ல ஃபார்ம்ல இருந்த காலம்.

இதை வச்சு மட்டும் நூத்துக்கு நூறு போட்டுடலாமா? கொஞ்சம் பொறுங்க. அந்தச் சமயத்துல சீனாவும் தடுமாறிக்கிட்டுதான் இருந்தது. 2013-ல் அவங்க 5-வது இடத்துக்குப் போயிருந்தாங்க. வெற்றியோட மதிப்பு இதனால குறையாது. ஆனா ஒரே ஒரு ஸ்கோரை வச்சு கோச்சை எடை போட முடியாது.

2015-ல் கூட்டமைப்பு ரெண்டா உடைஞ்சது. நிர்வாகிகள் சண்டை போட்டாங்க. அதே வருஷம் ஃப்ளெமிங்கும் கிளம்பிட்டார். கதை முடிஞ்சதுன்னு பார்த்தா, சாங்ஷாவில நம்ம அணி 8-வது இடம் பிடிச்சது! 2016-ல் டெஹ்ரான்ல சீனாவை மறுபடியும் ஜெயிச்சாங்க. கோச் போனாலும் அவர் பழக்கின பழக்கம் போகலை. என் கணக்குல ஊஹான் வெற்றியைவிட இதுக்குத்தான் மார்க் அதிகம்.

ஆனா 2017-ல் மறுபடி 14. 2011-ல் எங்க இருந்தோமோ அதே இடம். ஏன்? அதே நாலஞ்சு பேர் தோள்லதான் மொத்த பாரமும் இருந்தது. அவங்களுக்குப் பின்னாடி அடுத்த வரிசை தயாராகலை. வருஷம் முழுக்க ஆட நாட்டுல ஒரு உருப்படியான லீக் இல்லை. தேசிய அணியோட கோச்சுக்கு வருஷத்துல சில மாசம்தான் பசங்க கையில கிடைப்பாங்க. அந்த நேரத்துல அணியைச் செதுக்கலாம், ஆனா அடித்தளம் போட முடியாது. அதே 2017-ல் டெல்லி பக்கத்துல என்.பி.ஏ. அகாடமி தொடங்கினப்போ, டீன் ஏஜ் பசங்களுக்குச் சொல்லித்தர ஃப்ளெமிங் திரும்பி வந்தார். எந்த இடத்துல வேலை பாக்கியிருந்ததோ அங்கேயே வந்தார்னுதான் நான் எடுத்துக்கறேன்.

அடித்தளம்னா என்னன்னு பார்க்க டெல்லி வரைக்கும் போக வேண்டாம், நந்தனம் போதும். நெய்ஸ்மித் 1891-ல் பாஸ்கெட்பாலைக் கண்டுபிடிச்ச அதே ஸ்ப்ரிங்ஃபீல்டு கல்லூரியில படிச்ச ஹாரி குரோ பக், 1920-ல் மதராஸ்ல ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன இந்திய அணிக்கு அவர்தான் மேனேஜர். ஆனா அவர் பேர் நிக்கறது அதனால இல்லை. அவர் ஆட்டக்காரங்களை மட்டும் உருவாக்கலை, சொல்லித்தர்றவங்களை உருவாக்கினார். 1943-ல் அவர் இறந்துட்டார். கல்லூரி நூறு வயசைத் தாண்டி இன்னும் நடக்குது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் ஸ்கூல் படிச்சவங்க உங்க பி.டி. வாத்தியார் எங்க படிச்சார்னு விசாரிச்சுப் பாருங்க. அவர் இல்லேன்னா அவரோட வாத்தியாராவது நந்தனமா இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ஆக, என் தீர்ப்பு இது. அணியைத் தூக்கி நிறுத்தினதுல ஃப்ளெமிங் நல்ல மார்க்கோட பாஸ். அதுக்குக் கீழ இருக்க வேண்டிய அடுக்குக்கு மார்க் போடணும்னா பேப்பர் அவருடையது இல்லை, கூட்டமைப்போடது. அதுல ஃபெயில்.

அடுத்த தடவை ஒரு கோச் பெரிய அணியை ஜெயிச்சா நாமளும் கைதட்டுவோம், தப்பில்லை. கூடவே, சாயங்காலம் நம்ம ஏரியா ஸ்கூல் கோர்ட்ல பசங்களுக்கு யார் சொல்லித்தர்றாங்க, அவருக்கு மாசம் பொறந்தா ஒழுங்கா சம்பளம் வருதான்னும் ஒரு கேள்வி கேட்டு வைப்போம். பாஸ்கெட்பால் நிக்கிறதும் விழறதும் அங்கதான்.