மண் நொதிகளும் வறண்ட காட்டின் சத்துப் பற்றாக்குறையும்: தருமபுரியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

காட்டு மரங்களுக்கு எந்தச் சத்து குறைகிறது என்பதை மண்ணிலுள்ள மொத்தச் சத்தை அளந்து சொல்லிவிட முடியாது. எடுத்துக்காட்டாக, மணிச்சத்தில் (பாஸ்பரசில்) பெரும்பகுதி இரும்பு, அலுமினியம், கால்சியம் ஆகியவற்றோடு பிணைந்தோ, மட்கினுள் அடைபட்டோ கிடக்கிறது. மட்கில் உள்ளதை விடுவிக்க வேர்களும் நுண்ணுயிர்களும் நொதிகளைச் சுரக்கின்றன. எந்த நொதி மிகுந்திருக்கிறது என்பதைக் கொண்டு எந்தச் சத்து அரிது என்று கணிக்கும் முறை இதிலிருந்து பிறந்தது. அம்முறை வளர்ந்த வரலாற்றையும், தருமபுரி மாவட்டக் காடுகளுக்கு அது பொருந்தும் அளவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

முறை வளர்ந்த வரலாறு

மண்ணில் பெராக்சிடேஸ் நொதி செயல்படுவதை 1899-இல் ஆல்பர்ட் வுட்ஸ் எடுத்துரைத்தார். ஆனால் மண் நொதிகளை எளிதில் அளக்கும் வழி பிறக்க நெடுங்காலம் ஆயிற்று. 1969-இல் அமெரிக்காவின் அயோவாவில் தபதபாயும் பிரெம்னரும் மட்கிலிருந்து மணிச்சத்தை விடுவிக்கும் பாஸ்படேஸ் நொதிக்கு ஒரு சோதனையை வகுத்தனர். நைட்ரோபீனைல் பாஸ்பேட்டை நொதி உடைக்கும்போது தோன்றும் மஞ்சள் நிறத்தின் அடர்த்தியே அளவுகோல். வேளாண் நிலத்தின் வளத்தை அறியப் பயன்பட்ட இவ்வகைச் சோதனைகள் பின்னர் காட்டுக்கும் வந்தன.

அளவீட்டைச் சத்துப் பற்றாக்குறையோடு இணைத்ததில் ஹவாய்த் தீவு ஆய்வுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. வெவ்வேறு வயதுடைய எரிமலை மண்களில் உரமிட்டுப் பார்த்த ஒலாண்டரும் விட்டோசெக்கும் 2000-இல் முடிவுகளை வெளியிட்டனர். மணிச்சத்து இட்டதும் பாஸ்படேஸ் செயல்பாடு சரிந்தது. நொதி தேவையைக் காட்டுகிறது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்த்தது.

2008-இல் சின்சபாவும் உடனாய்வாளர்களும் 40 சூழல்தொகுதிகளின் தரவுகளைத் திரட்டினர். கரிமம், தழைச்சத்து, மணிச்சத்து ஆகியவற்றை ஈட்டும் நொதிகளின் செயல்பாடு, மடக்கை அளவில், உலகளவில் சராசரியாக 1:1:1 என்ற விகிதத்தை ஒட்டி அமைவதாகக் கண்டனர். இந்த விகிதத்திலிருந்து விலகும் திசையே பற்றாக்குறையின் திசை என்று பலரும் கொள்ளத் தொடங்கினர்.

தருமபுரிக் காடுகளில்

பென்னாகரம், ஒகேனக்கல், அரூர்ப் பகுதிக் காடுகள் பெரும்பாலும் உலர் இலையுதிர் காடும் முட்புதர்க் காடும் ஆகும். 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விரிந்துள்ளது. இத்தகைய காடுகளில் உலகச் சராசரியை அப்படியே பொருத்துவதற்கு மூன்று தடைகள் உள்ளன.

முதலாவது ஈரம். காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் திடீரென விழித்து, தழைச்சத்து பெருமளவு வெளியாவதைக் கென்யாவில் பெர்ச் 1958-இல் விளக்கினார். மாசியில் எடுத்த மண்ணும், முதல் கோடை மழைக்குப் பின் எடுத்த மண்ணும் ஒரே விடையைத் தரா. களித்துகளில் ஒட்டிய பழைய நொதி நெடுநாள் நிலைப்பதால், இன்றைய தேவைக்கும் அளவீட்டுக்கும் இடைவெளி விழுகிறது.

இரண்டாவது கார அமிலத்தன்மை. அமிலப் பாஸ்படேஸை மட்டும் அளப்பது பரவலான வழக்கம். செம்மண்ணின் அடியில் சுக்கான் படிந்த இடங்களில் நுண்ணுயிர் சுரக்கும் காரப் பாஸ்படேஸே முதன்மை பெறும். அதை விட்டுவிட்டால் மணிச்சத்துத் தேவை குறைவாகத் தோன்றும்.

மூன்றாவது தீ. தழைச்சத்து ஏறத்தாழ 200 பாகை செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்கும். மணிச்சத்தோ பெரும்பாலும் சாம்பலில் தங்கும். அடிக்கடி எரியும் காடு தழைச்சத்தையே முதலில் இழக்கிறது. உசில் போன்ற வேர்முடிச்சு மரங்கள் அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டும். எரிந்த பகுதியையும் எரியாத பகுதியையும் கலந்து எடுத்த மாதிரியில் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

முடிவுரை

நொதி விகிதம் பற்றாக்குறையைச் சுட்டும் அறிகுறி. அதுவே தீர்ந்த சான்று ஆகாது. வறண்ட காட்டில் வறட்சி, முதல் மழை, பெருமழை ஆகிய மூன்று பருவங்களிலும் மண் எடுக்க வேண்டும். இரு பாஸ்படேஸ்களையும் அளக்க வேண்டும். தீயின் வரலாற்றைப் பதிவுசெய்ய வேண்டும். சிறு பாத்திகளில் உரமிட்டுக் கணிப்பைச் சரிபார்த்த பின்னரே, காடு மீட்புப் பணிகளில் அதைப் பயன்படுத்துவது முறை.