செம்பு ஆத்துக்கு வந்த செம்பு ஆலை

எங்க ஆத்துக்குப் பேரே தாமிரபரணி. தாமிரம்னா செம்பு. தண்ணி மொள்ளுற பாத்திரத்துக்கும் செம்புன்னுதான் பேரு. செம்புத் தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு சொல்லாத ஆள் இந்தப் பக்கம் கிடையாது.

ஆனா செம்புத் தாது தனியா வராது. ஆர்சனிக், ஈயம், காட்மியம்னு கூட்டாளிகளோடதான் வரும். மகாராஷ்டிராவுல ரத்னகிரி மாம்பழ விவசாயிகள் வேண்டாம்னு நின்ன ஸ்டெர்லைட் தாமிர உருக்காலை, 1990-கள் நடுவுல தூத்துக்குடி சிப்காட்டுக்கு வந்துச்சு. டவுன்காரங்களுக்கு ஆத்துத் தண்ணி குழாய்ல வந்துரும். ஆலையைச் சுத்தியிருந்த குமரெட்டியாபுரம் மாதிரி கிராமங்களுக்குக் கிணறும் போரும்தான் கதி.

இந்த உலோகத்துக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. கொதிக்க வச்சா கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணி வத்த வத்த அது கூடத்தான் செய்யும். நீங்க வீட்டுல வச்சிருக்கீங்களே டிடிஎஸ் மீட்டர், அதுக்கும் இது பிடிபடாது. குடிதண்ணியில ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் இருக்கலாம். அதாவது நூறு லிட்டர்ல ஒரே ஒரு மில்லிகிராம். மாதிரி எடுக்கிற பாட்டில்ல கொஞ்சம் நைட்ரிக் அமிலம் விடலேன்னா உலோகம் பாட்டில் சுவத்துலயே ஒட்டிக்கிடும், ரிப்போர்ட் நல்லதா வந்துரும்!

1998-ல சென்னை உயர் நீதிமன்றம் கேட்டு, நாக்பூர் நீரி நிறுவனம் சோதிச்சுப் பாத்துச்சு. நிலத்தடித் தண்ணியில ஆர்சனிக், ஈயம், செலினியம் எல்லாம் இருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. நவம்பர்ல ஆலையை மூடச் சொன்னாங்க. கொஞ்ச நாள்லயே திறக்க விட்டு, அதே நீரியை மறுபடி பாக்கச் சொன்னாங்க. 1999 பிப்ரவரியில வந்த ரிப்போர்ட் ஆலைக்குச் சாதகம். இடையில மூணே மாசம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னால மொண்ட தண்ணியும் தை மாசத்துல மொண்ட தண்ணியும் ஒண்ணு கிடையாதுங்கறது எந்தச் சம்சாரிக்கும் தெரியும். அதனால எந்த ரிப்போர்ட் கைக்கு வந்தாலும் நான் முதல்ல பாக்கிறது தேதியைத்தான். அப்புறம் எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம்.

2010-ல உயர் நீதிமன்றம் திரும்பவும் மூடச் சொல்லிச்சு. 2013 ஏப்ரல் 2-ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிச்சு. ஆனா மாசு உண்டுன்னு சொல்லி 100 கோடி ரூபா கட்டச் சொல்லிச்சு. அதோட வட்டியில ஆலையைச் சுத்தியுள்ள தண்ணியையும் மண்ணையும் சரி பண்ணணும்னு உத்தரவு.

2018 மே 22 உங்க எல்லாருக்கும் தெரியும். துப்பாக்கிச்சூட்டுல 13 உசுரு போச்சு, ஆறு நாள்ல அரசு ஆலையை மூடிச்சு. சிப்காட் பகுதி நிலத்தடித் தண்ணியில ஈயம், காட்மியம், ஆர்சனிக் அளவுக்கு மேல இருக்குன்னு மத்திய அரசு ராஜ்யசபாவுல சொன்னது அதுக்கப்புறம் ஜூலையில. தங்களால வந்த மாசு இல்லேன்னுதான் ஆலைத் தரப்பு கடைசிவரை சொல்லிச்சு. 2024 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அவங்க மேல்முறையீட்டைத் தள்ளிருச்சு.

அந்தக் கிணறுகளை இன்னும் மழைக்கு முன்னயும் பின்னயும் மொண்டு பாக்க வேண்டியதுதான் இருக்கு.