கடலூர் மாவட்டக் காட்டு வாத்துகளின் குஞ்சு வளர்ப்பு

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து நீர்நிலைகளில் குஞ்சு பொரிக்கும் காட்டு வாத்துகளில் முக்கியமானவை மூன்று: புள்ளி மூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி, குள்ளத்தாரா. வலசை வரும் கிளுவை, ஊசிவால் வாத்து போன்றவை குளிர்காலம் கழிந்ததும் வடக்கே போய்விடுவதால் அவற்றின் குஞ்சுகளை இங்கே பார்க்க முடியாது. கொள்ளிடம், வெள்ளாறு, கெடிலம், பெண்ணையாறு என ஆறுகளுக்குக் குறைவில்லாத மாவட்டம்தான். ஆனாலும் குஞ்சு வளர்க்க ஓடும் தண்ணீரைவிடக் கோரையும் அல்லியும் மண்டிய ஏரிகளே இவற்றுக்குத் தோது. கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் கொள்ளிட நீரைப் பெறும் வீராணமும், குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெருமாள் ஏரியும் அத்தகையவை. அறுப்பு முடிந்த வயல்களில் ஓட்டி மேய்க்கப்படும் மந்தை வாத்துகள் வேறு. அவை அடைகாக்கும் குணத்தைப் பெரும்பாலும் இழந்தவை. அவற்றின் முட்டைகளைக் கோழியோ பொரிப்பகமோதான் பொரிக்க வேண்டும்.

புள்ளி மூக்கு வாத்து தென்னிந்தியாவில் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் மாதங்களில், கரையோரப் புல்லுக்குள் தரையிலேயே கூடு வைக்கிறது. அடைகாப்பது பெட்டைதான். இரை தேட எழும்போது தன் மார்புத் தூவியால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். சூடும் தங்கும், காக்கையின் கண்ணிலும் படாது. ஏறத்தாழ 24 நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. உடல் உலர்ந்ததும் தாயின் பின்னால் தண்ணீருக்குப் போய், பூச்சிகளைத் தாமே கொத்தித் தின்னும். ஊட்டும் வேலை தாய்க்கு இல்லை. காவலும் இறக்கைக்குள் அணைத்துக் கதகதப்பூட்டுவதுமே அதன் பொறுப்பு.

கீரியோ மனிதரோ நெருங்கினால் தாய் ஓர் இறக்கையைத் தொங்கவிட்டு, அடிபட்டதுபோல நீரை அடித்துக்கொண்டு தடுமாறி நகரும். அந்த நேரத்தில் குஞ்சுகள் கோரைக்குள் சிதறி அசையாமல் பதுங்கும். துரத்தி வருபவரைப் போதுமான தூரம் இழுத்த பின் தாய் நொடியில் எழுந்து பறந்துவிடும். பருந்தைக் கண்டால் எச்சரிக்கும் தாயால், நீருக்கடியிலிருந்து வரும் விரால் மீனைத் தடுக்க முடிவதில்லை.

சீழ்க்கைச் சிறகி மரப்பொந்திலோ, பழைய காக்கைக் கூட்டிலோ, தரைப் புதரிலோ முட்டையிடும். இதில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, குஞ்சுகளையும் சேர்ந்தே காக்கின்றன. வாத்துக் குடும்பத்தில் தந்தை இவ்வளவு பொறுப்பேற்பது அபூர்வம். குள்ளத்தாராவும் மரப்பொந்து வாசிதான்; பறக்கத் தெரியாத குஞ்சுகள் பொந்திலிருந்து கீழே குதித்தே நீரை அடைகின்றன. எடை மிகக் குறைவு என்பதால் அடிபடுவதில்லை. ஏரிக்கரையில் உள்ள பழைய மரங்களை வெட்டினால் இவ்விரண்டுமே கூடு வைக்கும் இடங்களை இழக்கும்.

கவனிக்க விரும்புவோர் இருநோக்கியுடன் கரையிலேயே நிற்பது நல்லது. வாத்து இறக்கையைத் தொங்கவிட்டால் குஞ்சுகள் பக்கத்தில் இருக்கின்றன என்று பொருள். அங்கிருந்து பின்வாங்கிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டைகளைச் சிதைப்பதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டையாகவே கருதப்படும்.